மயிலையும் நாலாவது மரமும்

அட்டை கடித்தால் வலிக்காது. தேவாலாப் பக்கம் ஆடி மழையில் நடந்தவர்களுக்கு இது தெரியும். கீழ்நாட்டிலேயே பிறந்து கீழ்நாட்டிலேயே மூட்டுத் தேய்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அது பாட்டுக்கு ஏறும், வயிறு முட்டக் குடிக்கும், உருண்டு விழுந்துவிடும். அதற்கப்புறம்தான் ரத்தம் நிற்காமல் வழியும், நாள் முழுக்க அரிக்கும். என் பாவாடை ஓரத்தில் அந்தக் கறை இல்லாத மழைக்காலமே கிடையாது.

இதை என் பிள்ளைகளுக்கு எழுதவில்லை. அவர்களிடம் சொன்னால், "விடும்மா, எந்தக் காலத்துக் கதை" என்பார்கள். முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு, சாயங்காலம் பூங்கா பெஞ்சில் வரிசையாக உட்காருகிற நம் வயசுக்காரர்களுக்குத்தான் எழுதுகிறேன். சர்க்கரை, பிரஷர், மருமகள் எல்லாவற்றையும் நாம் பேசித் தீர்த்துவிட்டோம். பேசாமல் வைத்திருப்பது ஆளுக்கு ஒன்று இருக்கும். என்னுடையது ஒரு டின் பெட்ரோலும் என் தம்பியும்.

எங்கள் தோட்டம் தேவாலா பஸ் ரோட்டிலிருந்து நாலு மைல் உள்ளே இருந்தது. அந்த நாலு மைலும் தோட்டத்து மண் ரோடு. வரிசையாகக் கட்டிய கூலி வீடுகளைப் பாடி என்போம். மேல் பாடியில் கடைசி வீடு எங்களுடையது. அப்பா தேயிலை ஃபாக்டரியில் என்ஜின் ரூம் ஆள். அம்மா கொழுந்து பறிக்கப் போவாள். எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஐந்து நடந்துகொண்டிருந்தது.

அப்பாவின் பூர்வீகம் அவிநாசிப் பக்கம். மாடு வைத்துப் பிழைத்த குடும்பம். மழை பொய்த்து, கிணறு வற்றி, கட்டுத்தறி காலியாகித்தான் மலையேறினார். மலையில் மாடு வாங்க வழியில்லை, கட்ட இடமும் இல்லை. அந்த ஆசையை அவர் எதில் கொண்டுபோய்ப் போட்டார் தெரியுமா? மரம் அறுக்கிற மிஷின் வாளில்.

வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போனபோது ஸ்டோரில் விட்டுப்போன பழைய மிஷின் வாள்கள் மூன்று, துருவேறி, எலி கூடு கட்டிக் கிடந்தன. புது துரை வந்ததும் ஸ்டோரைக் காலி செய்யச் சொன்னார். குப்பைக்குப் போக இருந்ததை அப்பா கேட்டு வாங்கிச் சுமந்துகொண்டு வந்தார். "இந்தத் துருப்புடிச்ச சனியன் உனக்கெதுக்குய்யா?" என்று ஸ்டோர்காரர் சிரித்தாராம். "சும்மா இருக்கட்டுமுங்க. கண்ணுக்குக் குளுகுளுன்னு இருக்குது" என்றாராம் அப்பா.

மூன்றுக்கும் மாட்டுப் பெயர் வைத்தார். சிவப்புப் பெயின்ட் உரிந்தது செவலை. கரிப் பிடித்தது காரி. அது கடைசிவரை ஒரு தரம்கூடக் கத்தவில்லை. மூன்றிலும் பெரியது, சாம்பல் நிறத்தில் இருந்தது, மயிலை. மயிலையைத் தனியாளாகப் பிடிக்க முடியாது. ஒரு கோடியில் என்ஜின், நடுவே ஓர் ஆள் நீளத்துக்குத் தகடு, தகட்டைச் சுற்றிப் பல் வைத்த செயின், அந்தக் கோடியில் இன்னொரு ஆள் பிடிக்க ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடிக்கு அப்பா வைத்த பெயர் வால்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் வீட்டு வாசல் கிரீஸ் நாற்றம் எடுக்கும். சாக்கை விரித்து, திருகாணிகளைச் சிரட்டை சிரட்டையாகப் பிரித்து வைத்து, மண்ணெண்ணெயில் ஊறப்போட்ட பாகங்களைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்ப்பார். ஊசி நுழையாத ஓட்டைகளை வாயால் ஊதிப் பார்ப்பார். மருந்து அட்டைப்பெட்டியை வெட்டி வாஷர் செய்வார். செயினின் ஒவ்வொரு பல்லையும் உருண்டை அரத்தால் மூன்று இழுப்பு இழுப்பார். நாலாவது இழுப்பு கிடையாது. ஒரு பல்லுக்குக் கூடுதலாகத் தீட்டினால் அறுப்பு கோணிக்கொண்டு போகுமாம். மதியச் சோற்றுக்குக் கூப்பிட்டால் காதில் விழாது.

"சோறு போடாத மாட்டைக் கட்டி மேய்க்கற மனுசன் இந்த மலையில நீங்க ஒருத்தருதானுங்க" என்பாள் அம்மா.

"பாலுக்கா மாடு வெக்கறாங்க எல்லாரும்? வாசல்ல நின்னா ஊட்டுக்கு ஒரு களை" என்பார் அப்பா.

ஏசினாலும் வால் பிடிக்க அம்மாதான் வரவேண்டும். என்ஜின் கூடிவந்த ஞாயிற்றுக்கிழமைகளில், விழுந்து கிடக்கிற சில்வர் ஓக் கட்டை ஒன்றை முட்டுக்கொடுத்து வைத்து, "ஏம்புள்ள, வந்து வாலைப் புடி" என்று கூப்பிடுவார். அம்மா முனகிக்கொண்டே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வருவாள். அப்பா கயிற்றை வெடுக்கென்று இழுப்பார். நாலாவது ஐந்தாவது இழுப்பில் மயிலை இருமும், புகையும், பிறகு பாடியே அதிரக் கத்தும். தூள் பறக்கும். கட்டை விழுந்ததும் அம்மாவின் புருவத்தில் எல்லாம் மரத்தூள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். அந்த நேரம் தவிர அவர்கள் சேர்ந்து சிரித்து நான் பார்த்ததில்லை.

தம்பிக்கு வேறு விளையாட்டு கிடையாது. மயிலைமேல் குதிரை ஏறி உட்கார்ந்து, "டுர்ர்ர்" என்று எச்சில் தெறிக்கக் கத்துவான். சாட்டைக்கு அப்பாவின் மூங்கில் குச்சியை எடுத்துக்கொள்வான். அந்தக் குச்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மயிலைக்கு வெறும் பெட்ரோல் ஆகாது. ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். அந்தக் கலவையை அப்பா ஒரு சதுர டின்னில் போட்டு அடுப்படிக்கு எட்டத்தில், பின்வாசல் பலகையில் வைத்திருப்பார். பெட்ரோல் சுலபமாகக் கிடைக்கிற பொருள் இல்லை. பஸ் ரோட்டுக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிட்டு, பாட்டில் பாட்டிலாகச் சேர்த்தது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அப்பா டின்னிலேயே அளந்தார். மூங்கில் குச்சியில் கத்தியால் ஒரு கோடு வெட்டியிருந்தார். ஞாயிறு தோறும் குச்சியை உள்ளே விட்டு எடுத்து, நனைந்தது கோட்டைத் தொடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூடுவார்.

அந்த வருஷம் ஆடி பிறந்ததும் பிடித்த மழை விடவில்லை. மழையில் மயிலையை ஓட்ட முடியாது என்று அப்பா சாக்குப் போட்டு மூடிவைத்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் துடைப்பார், குச்சி விட்டுப் பார்ப்பார், மூடுவார். அவ்வளவுதான்.

ஒரு நாள் தம்பி சாட்டை வீசி விளையாடும்போது, டின்னில் தோய்த்த குச்சியை என் கால்மேல் உதறிவிட்டான். கணுக்கால் எல்லாம் கலவை. எரிந்தது. அவன் மண்டையில் ஒரு குட்டு வைத்துவிட்டு அப்படியே பள்ளிக்கூடம் போனேன். இரண்டு மைல், சோலைக்குள் ஒற்றையடிப் பாதை. போய்ச் சேர்ந்து பார்த்தால் எண்ணெய் பட்ட காலில் ஒரு அட்டை இல்லை. படாத காலில் நாலு.

பள்ளிக்கூடத்தில் பஜார்க் கடைக்காரர் பெண்கள் எல்லாம் வெள்ளைச் சாக்ஸ் போட்டு வருவார்கள். டீச்சர் என்னைப் பெஞ்சு நுனியில் உட்காரச் சொல்வார். "ரத்தத்தைத் துடைச்சிட்டு வாடி, பெஞ்சு பாழாகுது" என்பார். பத்து வயதுப் பெண்ணுக்கு அந்தச் சொல் எங்கே போய்க் குத்தும் என்று உங்களில் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அட்டைக்குக் காலில் தடவுகிற சுண்ணாம்பும் புகையிலையும் மழையில் கரைந்து போகும். கலவை கரையவில்லை.

மறுநாளிலிருந்து காலில் தடவத் தினமும் ஒரு சிரட்டை எடுத்தேன். அம்மா தேயிலைக் காட்டுக்குப் போன பிறகு, அப்பா ஃபாக்டரிக்குப் போன பிறகு. ஞாயிற்றுக்கிழமை குச்சி காட்டிக்கொடுத்துவிடுமே? அதற்கும் வழி செய்தேன். எடுத்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றிவைத்தேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் அல்லவா. அப்பா குச்சியை விட்டு எடுத்தார், கோடு வரை நனைந்திருந்தது, திருப்தியாக மூடினார். எண்ணெய் மேலே நிற்கும், தண்ணீர் அடியில் போய் உட்காரும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் டின்னைச் சாய்த்தபோது எனக்குக் கலவைதான் வந்தது.

இன்னொன்றும் அப்போது பார்த்தேன், கவனித்தேன் என்று சொல்ல மாட்டேன். அம்மா சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து காலிலிருந்து அட்டை பிய்த்துப் போடுவது வழக்கம். அந்த வாரங்களில் அவள் காலில் ரத்தக் கோடு குறைந்திருந்தது. புதுப் புகையிலை நல்ல காரம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

தம்பிக்குக் காய்ச்சல் கண்டது ஒரு திங்கட்கிழமை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் கிடையாது, கம்பவுண்டர்தான். வயநாட்டுப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷர். அவன் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "சாரமில்லா, சளிதான். மழை அல்லே" என்று மலையாளம் கலந்து தைரியம் சொல்லி, சிவப்பு மிக்சர் கொடுத்தார். செவ்வாய், புதன் மிக்சர். புதன்கிழமை சாயங்காலம் பிடித்த காற்று வியாழக்கிழமை விடியும்வரை அடித்தது. பாடியில் பாதிக் கூரைத் தகடு பறந்துவிட்டது. எங்கும் மரம் முறிகிற சத்தம்.

விடிந்து பார்த்தால் தம்பியின் கழுத்து வீங்கியிருந்தது. மூச்சு இழுக்கும்போது ஒரு சத்தம், ஓட்டைக் குழலை ஊதுகிற மாதிரி. அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு கம்பவுண்டர் வீட்டுக்கு ஓடினாள். அவர் டார்ச் அடித்து அவன் தொண்டையைப் பார்த்தார். இந்தத் தடவை சாரமில்லா என்று சொல்லவில்லை. "தொண்டை அடைப்பான். கூடலூர் கொண்டு போங்க. இப்பவே, இப்பவே கொண்டு போங்க" என்றார்.

போனுக்கு உயிர் இல்லை. துரையின் ஜீப் ஊட்டியில். இருந்தது தோட்டத்து டிராக்டர்தான். டிராக்டர்க்காரர் அதற்குள் ரோட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "அண்ணா, ரோட்டுல நாலு எடத்துல மரமுங்க. நாலும் பெருசு. வண்டி போகாதுங்க" என்றார்.

பாடி ஆம்பிளைகள் ஏழெட்டுப் பேர் கோடாலியும் குறுக்கு வாளும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். யாரும் கூப்பிடாமலே வந்தார்கள். அம்மா யாரையும் பார்க்கவில்லை. தம்பியைத் தோளில் போட்டுத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, தூக்கிட்டு நடந்துரலாமுங்க. நாலு மைலுதானே. ஆளு மாத்தி ஆளு தூக்கலாம்."

அப்பா மழையைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். "இந்த மழையில நனைஞ்சா அந்த நெஞ்சு தாங்குமா? டிராக்டர்ல படுதாவுக்குள்ள படுக்கவெச்சுக் கொண்டு போலாம். மயிலை இருக்குது. அரை மணியில நாலையும் அறுத்துப்போடுவேன்."

"அது காலை வாரி உட்ருமுங்க."

"என்னைக்கு உட்ருக்குது? நீ வாலைப் புடி, போதும்."

முட்டாள்தனம் என்று இப்போது சொல்லிவிடலாம். அன்று அந்த வாசலில் நின்ற யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மயிலையைக் கேலி செய்தவர்கள்கூட, நல்லவேளை அது இருக்கிறதே என்றுதான் முகத்தை வைத்திருந்தார்கள். அப்பா டின்னில் குச்சியை விட்டுப் பார்த்தார். கோடு வரை நனைந்திருந்தது. குச்சியைத் தம்பி கையில் கொடுத்து, "மயிலையை ஓட்டிட்டு வா, சாமி" என்றார். அவன் விரல்கள் அதைப் பிடித்துக்கொண்டன.

முதல் மரம் பாடிக்குக் கீழேயே கிடந்தது. தைலம் எடுக்கிற கற்பூர மரம், இருவர் கட்டிப்பிடிக்கும் பருமன். நான் டிரெய்லரில் படுதாவுக்கு அடியில், தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மயிலை மூன்றாவது இழுப்பிலேயே கத்தியது. ஈரக் காற்றில் பச்சைக் கற்பூர மரம் அறுபடுகிற வாசனை படுதாவுக்குள் வந்தது. படுதா விலகிய இடத்தில் அம்மாவின் கைகள் மட்டும் தெரிந்தன, வாலைப் பிடித்து அதிர்கிற கைகள். தம்பி கண் திறந்தான்.

"அக்கா, மயிலையா?" குரலே இல்லை, காற்றுதான் வந்தது.

"மயிலைதான் சாமி. உனக்காகத்தான் கத்துது."

மரம் இரண்டு இடத்தில் அறுபட்டு, நடுத்துண்டு உருண்டு பள்ளத்தில் விழுந்தது. ஆம்பிளைகள் விசில் அடித்தார்கள். அப்பா முகத்து மழையை வழித்துவிட்டுக்கொண்டு அவர்களைப் பார்த்தார். அந்த முகத்தில் பெருமை இருந்தது. என் அப்பா அப்படி நிமிர்ந்து நின்று நான் பார்த்தது அதுதான் கடைசி. "நீங்க எல்லாரும் போயிக் கூரையைப் பாருங்க. குஞ்சு குளுவான்க நனைஞ்சுட்டு இருக்குது. இதை நாங்க பாத்துக்கறோம்" என்றார். அவர்கள் கோடாலியையும் குறுக்கு வாளையும் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

இரண்டாவது மரம் சில்வர் ஓக். சீக்கிரம் போய்விட்டது. மூன்றாவது பழைய நாவல், இரும்பு மாதிரி. அதற்கு நடுவில் ஒரு தடவை டாங்கி காலியாகி, அப்பா டின்னைச் சாய்த்து, துணி வைத்த புனலில் ஊற்றி நிரப்பினார். நான் படுதா வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டின்னில் தண்ணீர் இருக்கிறது என்பது அந்த நிமிஷம் எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் மயிலை மறுபடி கத்தியது, நன்றாகத்தான் கத்தியது. அப்படியானால் ஒன்றும் ஆகவில்லை, தண்ணீரும் எரியும் போலிருக்கிறது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். அப்போதே சொல்லியிருக்கலாம். மூன்றாவது மரத்திலிருந்து ஓடிப்போய் ஆம்பிளைகளைத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். அடி விழும் என்று பயந்தேன். அவ்வளவு சின்ன பயம்.

நாலாவது மரம் ஒரு வளைவில், ரோட்டை நிரப்பிக்கொண்டு கிடந்தது. அதைத் தாண்டினால் ஒரு மைல், பிறகு பஸ் ரோடு. கற்பூர மரம்தான், மற்ற மூன்றையும்விடப் பெரியது. பாதி அறுத்ததும் டாங்கி தீர்ந்தது. அப்பா டின்னில் இருந்ததைக் கடைசிவரை கவிழ்த்து ஊற்றினார்.

கயிற்றை இழுத்தார். மயிலை இரண்டு தரம் இருமியது, நின்றது. மறுபடி இழுத்தார். இருமல்கூட வரவில்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினார். இழுத்தார். எத்தனை தரம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அவர் உள்ளங்கைத் தோல் உரிந்து கயிறு சிவந்தது. டிராக்டர்க்காரர் அரிவாளால் கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தார், வேறு என்ன செய்வது என்று தெரியாமல். படுதாவுக்குள் தம்பியின் மூச்சு ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது. ஒன்று போனால் அடுத்தது வருமா என்று காத்திருந்தேன்.

அப்பா கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றி உள்ளங்கையில் கவிழ்த்தார். நான் இறங்கிப் பக்கத்தில் போயிருந்தேன். எண்ணெய்க்கு நடுவில் முத்து முத்தாகத் தண்ணீர் உருண்டது.

"தண்ணி" என்றார் அப்பா. வேறு யாரிடமோ சொல்வது மாதிரி சொன்னார்.

"அப்பா..." என்றேன்.

"மழைத் தண்ணி பூந்திருச்சு. மூடியை நாஞ் சரியா மூடல. நாந்தான் சரியா மூடல."

"அப்பா, நான்..."

"வாயை மூடிட்டுத் தம்பிகிட்டப் போ!"

அம்மா இன்னும் வாலைப் பிடித்தபடி மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றாள். அப்பாவின் உள்ளங்கையைப் பார்த்தாள். வாலை விட்டாள். கைகளைச் சேலையில் அழுத்தி அழுத்தித் துடைத்தாள். அவள் முகம் வெளிறிப்போனது. அப்பாமேல் அவ்வளவு கோபம் என்று நான் நினைத்தேன்.

பிறகு மரத்தின் மேல் ஏறி இந்தப் பக்கம் குதித்து, படுதாவை விலக்கித் தம்பியைத் தூக்கினாள். மறுபடியும் மரம் ஏறி இறங்கி ஓடினாள். அப்பா பின்னால் ஓடினார். ஒரு வளைவு அவள், ஒரு வளைவு அவர், ஒரு வளைவு டிராக்டர்க்காரர் என்று மாற்றி மாற்றித் தூக்கினார்கள். நான் கடைசியில். மழைச் சத்தத்தை மீறி அந்தக் குழல் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே வந்தது. பஸ் ரோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அது நின்றது. நான் நின்றேன். அவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவன் கையிலிருந்த மூங்கில் குச்சி ரோட்டில் விழுந்து கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் அவர்களிடம் கொடுக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. கொடுக்கவில்லை. எங்கே போட்டேன் என்றும் நினைவில்லை.

மயிலை அந்த மரத்திலேயே, பாதி அறுப்பில் மாட்டிக்கொண்டு நாலு நாள் கிடந்தது. பிறகு ஆட்கள் மரத்தை வெட்டி எடுத்து, அதையும் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள். அப்பா அதைத் தொடவில்லை. செவலையையும் காரியையும் தொடவில்லை. மூன்றும் வாசலிலேயே துருப்பிடித்து, கோழி முட்டையிட்டு, நாங்கள் தோட்டத்தை விட்டுக் கோயமுத்தூர் வந்தபோது அங்கேயே இருந்தன.

ஆனால் அவர் மூடிகளை விடவில்லை. தண்ணீர்க் குடம், ஊறுகாய் ஜாடி, மண்ணெண்ணெய் டப்பா, பேனா, மருந்து பாட்டில், எதைக் கண்டாலும் ஒரு தரம் இறுக்கிவிட்டுத்தான் நகர்வார். கிழவனான பிறகு என் பிள்ளைகள் அதை வேடிக்கையாக்கிவிட்டார்கள். "தாத்தா மூடினா அந்த ஆண்டவனாலயும் தொறக்க முடியாது" என்று சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். சாகிற வாரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு, "அம்மிணி, அந்தத் தண்ணி பாட்டிலைச் சரியா மூடினயா?" என்று கேட்டார். "மூடிட்டேங்கப்பா" என்றேன். சொல்வதற்கு அதைவிட நல்ல சமயம் வருமா? சொல்லவில்லை. சாகப் போகிறவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்று.

அம்மா வேறு விதம். தம்பி போன பிறகு அவள் காலில் எதையும் தடவிக்கொண்டு காட்டுக்குப் போகவில்லை. சுண்ணாம்பு இல்லை, புகையிலை இல்லை. சாயங்காலம் முழங்கால் வரை ரத்தமாக வருவாள். அட்டை தொங்கிக்கொண்டிருந்தாலும் பிய்த்துப் போட மாட்டாள். தானாகக் குடித்து விழட்டும் என்று விட்டுவிடுவாள். பாடிப் பெண்கள், "பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு உடம்பு மேல நெனப்பேது" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஐம்பது வருஷம் அப்படித்தான் நினைத்தேன்.

அம்மா கடைசியில் என்னோடுதான் இருந்தாள். போன மாரியம்மன் நோன்புக்கு முந்தின வாரம், ஒரு மத்தியானம், அவள் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் கால் முழுக்க அந்தக் காலத்து அட்டைத் தழும்புகள், கடுகு கடுகாக விரலுக்குத் தட்டுப்படும். தைலத்தின் வாசனையோ என்னவோ, கண்ணை மூடியபடியே பேசினாள்.

"அம்மிணி, உன்ற தம்பியை நாந்தான் கொன்னுபோட்டேன்."

"என்னம்மா இது..."

"சொல்றேன், கேளு. உங்கப்பன் மூடியை ஒழுங்காத்தான் மூடுனாரு. அந்த டின்னுல இருந்து நாந்தான் காலுக்குத் தடவ எடுத்தேன். அட்டைக்கு. உன்ற காலுல ஒருநா அந்த வாசம் அடிச்சுது, தம்பி ஒதறி உட்டான்னு சொன்னீல்ல, அன்னிக்குத்தான் எனக்கு அதும்மேல புத்தி போச்சு. எடுத்துட்டு, குச்சிக்குத் தெரியக் கூடாதுன்னு தண்ணி ஊத்தி வெச்சேன். தெனமும். அந்த மனுசன் கடைசி வரைக்கும் மூடியை மூடிட்டே செத்தாரு. ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாயி வரலீயே."

என் கை அவள் காலில் நின்றுவிட்டது.

நானும்தான் அம்மா. இரண்டே வார்த்தை. அவள் அதைக் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பாள், என்னைத் திட்டியிருப்பாளா, அழுதிருப்பாளா, தெரியாது. ஆனால் ஐம்பது வருஷம் தனியாகத் தூக்கியதை ஒரு கை மாற்றியிருப்பாள். அந்த மலை ரோட்டில் தம்பியை வளைவுக்கு வளைவு மாற்றினார்களே, அந்த மாதிரியாவது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் என் மனசில் முதலில் வந்தது வேறு. நான் ஊற்றிய தண்ணீர் மட்டும் என்றால் மயிலை அந்த மரத்தை அறுத்து முடித்திருக்கும். பாதிக்கு மேல் இவளுடையது. இவள்தான் பெரியவள், இவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்படித்தான் வந்தது. உங்களிடம் மறைக்கவில்லை.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் மருந்துக் கடைக்குப் போக வேண்டியிருந்தது. அதற்கடுத்த நாள் விருந்தாளிகள் வந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் அவளுக்கு நாக்கு இழுத்துக்கொண்டது. அதற்கப்புறம் சொன்னேன், பல தடவை சொன்னேன், காதோடு வாய் வைத்துச் சொன்னேன். அவள் கண் என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தது. ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

அந்த மத்தியானம், அவள் சொல்லி முடித்த பிறகு, நான் மறுபடி தைலத்தைத் தொட்டு அவள் காலைத் தேய்த்தேன். "விடும்மா, எந்தக் காலத்துக் கதை" என்றேன். ஆமாம், நான்தான் அப்படிச் சொன்னேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போதும் அம்மிணி. மணி ரெண்டாச்சு. போயிச் சோறு உண்ணு" என்றாள்.

போய் உட்கார்ந்தேன். ரசமும் பீர்க்கங்காய்ப் பொரியலும். பல வருஷத்துக்கு அப்புறம் அன்றைக்கு எனக்கு நல்ல பசி. இரண்டாம் தரமும் சோறு போட்டு, வயிறு நிறையச் சாப்பிட்டேன்.